தண்டல் அட்டையும் ரோமர் நான்காம் அதிகாரமும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஒரு பெண் சாட்சி சொல்ல எழுந்தாள். இரண்டு தடவை கரு கலைந்து, மூன்றாவது தங்கி, இப்போது ஏழாவது மாதம். "போன வருஷம் நாப்பது நாள் உபவாசம் இருந்தேன், கர்த்தர் இரங்கினார்" என்று அழுதுகொண்டே சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா சொன்னோம், நானும் சத்தமாகச் சொன்னேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் சொல்லவில்லை. அவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவரும் நாற்பது நாள் இருந்தவர்தான். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக ஆராதனை முடிகிறவரை இருந்தார்.

சாட்சி சொன்ன பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சந்தோஷம் என் சந்தோஷம். உபவாசமும் நல்லதுதான். ஆனால் "நாற்பது நாள் இருந்தேன்", "அவர் இரங்கினார்" என்ற இரண்டுக்கும் நடுவில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு "அதனால்" போட்டுவிட்டோம். அந்த ஒரு சொல்தான் அக்காவின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குத் தண்டல் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது தினம் தவணை கட்டுகிற கடன். 10,000 ரூபாய் கேட்டால் கையில் 8,500 தருவார்கள். மீதியை அப்போதே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தினம் 100 ரூபாய், நூறு நாள். அதற்கு ஒரு அட்டை உண்டு. நூறு கட்டம், ஒவ்வொன்றிலும் தண்டல்காரர் நீல பேனாவில் ஒரு கீறல் போடுவார். என் அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்றவர். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அந்த அட்டை இல்லாத நாள் கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். தொலையாமல் இருக்க அம்மா அதை வேதாகமத்துக்குள் வைப்பார். திறந்தால் மீன் வாசம் அடிக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு செதில் காய்ந்து ஒட்டியிருக்கும்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குடிப்பார். அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் சம்பளம் வீட்டுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளித்து, சட்டை மாற்றி, எங்களோடு சபை வாசல்வரை வருவார். உள்ளே வர மாட்டார். எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் வருகிற பாட்டையும் பிரசங்கத்தையும் கேட்பார். "உள்ள வாப்பா" என்று நான் கையைப் பிடித்து இழுத்தால், "நான் இன்னும் சரியாகலம்மா, சரியானதும் வரேன்" என்பார். இருபது வருஷம் இதே பதில்தான்.

அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தில், ரோமர் 5:8 நம்மில் எத்தனையோ பேருக்கு மனப்பாடம். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்." இதில் எனக்கு உயிரான சொல் "இருக்கையில்". திருந்திய பிறகு என்றோ, திருந்துவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு என்றோ பவுல் எழுதவில்லை. பாவியாக இருந்துகொண்டிருக்கும்போதே, அந்த நிலையிலேயே. அப்பா சொன்ன "சரியானதும்" என்ற சொல்லுக்கும் பவுல் சொன்ன "இருக்கையில்" என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு தெருவின் அகலம் இருந்தது. அந்தத் தெருவை அப்பா தாண்டவே இல்லை. அவரைத் தாண்ட வைக்கும்படி நாங்களும் பிரசங்கம் பண்ணவில்லை.

விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல், அதாவது நம் கிரியைகளுக்காக, செயல்களுக்காக அல்ல, விசுவாசத்தினாலேயே கடவுள் நம்மை நீதிமானாக ஏற்றுக்கொள்வது என்றாலே ஏதோ இறையியல் கல்லூரிப் பாடம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் பவுல் அதைக் கணக்குப் பேச்சில்தான் விளக்குகிறார். ரோமர் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கூலி, கடன். துறைமுகத்தில் சாயங்காலம் வரிசையில் நிற்கிறவனுக்குப் புரிகிற சொற்கள். உழைத்தவனுக்குக் கொடுக்கும் கூலியை யாரும் பரிசு என்று சொல்ல மாட்டார்கள், அது முதலாளி அவனுக்குப் பட்ட கடன். அப்புறம் "எண்ணப்படும்" என்ற சொல். மூல கிரேக்கத்தில் அது வரவுசெலவுப் பேரேட்டில் எழுதுகிற சொல், இந்த ஒரு அதிகாரத்தில் மட்டும் 11 தடவை வருகிறது. தமிழில் எண்ணுவது என்றால் நினைப்பதும்தான், காசை எண்ணுவதும்தான். இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கொலோசெயர் 2:14-இல் இன்னும் நெருக்கமாக ஒரு சொல் இருக்கிறது. நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து" சிலுவையில் ஆணியடித்தார் என்று வரும். சின்ன வயதில் அந்தக் கையெழுத்து எதுவென்று புரியாமலே படித்தேன். கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் அந்தக் கிரேக்கச் சொல் குறிக்கும், நம் ஊர் புரோநோட்டு மாதிரி. அது தெரிந்த நாளில் எனக்கு அம்மாவின் வேதாகமமும் உள்ளே இருந்த அட்டையும் ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது. இந்தச் செய்தி எத்தனை வருஷம் அந்த அட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது! நாங்கள் ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

வேப்பேரியில் இருந்து ஊழியம் செய்து, வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மானிய மிஷனரி பப்ரீசியுஸ் பற்றிப் படித்திருப்பீர்கள். 1742-இல் சென்னைக்கு வந்தவர். கடைசிக் காலத்தில் பண விவகாரங்களில் சிக்கிக் கடன்காரராகிச் சிறையிலும் இருந்து, 1791-இல் இறந்தார். "கூலி", "கடன்" என்று பவுல் எழுதியதைத் தமிழில் கொண்டுவந்த மனிதர், கடனுக்காகச் சிறையில் உட்கார்ந்து அந்த வசனத்தை எப்படி நினைத்திருப்பார் என்று யோசிக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மரியாதையும் பாசமும் கூடுகிறது.

சரி, அப்பாவிடம் வருகிறேன். கல்லீரல் போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வெளியிலிருந்து ஒரு ஊழியர் பார்க்க வந்தார். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "பிரதர், உங்களுக்கு விசுவாசம் பத்தலை. முழு விசுவாசம் வெச்சீங்கன்னா இந்தப் படுக்கையை விட்டு எழுந்திருப்பீங்க" என்றார். அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இன்னும் எவ்ளோ பாக்கி கீது பாஸ்டர்?"

ஊழியருக்குக் கேள்வி புரியவில்லை. இன்னொரு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். எனக்குப் புரிந்தது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். நம் சபைகளில் கிரியையினால் இரட்சிப்பு இல்லை என்று கரடியாய்க் கத்துகிறோம். ஆனால் விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றி வைத்திருக்கிறோம். எவ்வளவு விசுவாசமோ அவ்வளவு பலன், தவணை விட்டுப்போனால் ஆசீர்வாதம் நின்றுபோகும் என்கிறோம். கட்டத்தில் நீலக் கீறல் போடுகிறவராகக் கடவுளைக் காட்டுகிறோம். எபேசியர் 2:8 என்ன சொல்கிறது? "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." விசுவாசத்தைக் "கொண்டு". விசுவாசத்துக்"காக" என்று பவுல் எழுதவில்லை. எங்கள் தெருவில் தண்ணி லாரி வரும்போது குடத்தை நீட்டுவோம். குடம் தண்ணீரை உண்டாக்காது, தண்ணீருக்கு விலையும் ஆகாது. நெளிந்த குடத்திலும் அதே தண்ணீர்தான் விழும். மாற்கு 9-இல் பிள்ளைக்காக வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினானே, அவன் குடம் எவ்வளவு நெளிந்த குடம்! இயேசு அவனைத் திருப்பி அனுப்பினாரா?

புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் இந்த இடத்தில்தான் மூச்சு முட்டி நின்றார். துறவியாக இருந்து, மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் மனம் ஆறாதவர். ரோமர் 1:17-இல் "தேவநீதி" என்ற சொல்லையே வெறுத்தேன் என்று 1545-இல், இறப்பதற்கு முந்தைய வருஷம், எழுதிய முன்னுரையில் சொல்கிறார். தண்டிக்கிற நீதி என்றே அதை நினைத்திருந்தாராம். அது கடவுள் இலவசமாய்க் கொடுக்கிற நீதி என்று புரிந்தபோது பரதீசின் கதவு திறந்தது போலிருந்தது என்கிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் ஒரு மனிதன் பட்ட அதே பாட்டைத்தான் என் அப்பா டீக்கடைப் பெஞ்சில் பட்டார்.

இதை எழுதினால் யாராவது கண்டிப்பாக யாக்கோபு 2:26-ஐப் போடுவீர்கள். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது. ஆமாம், செத்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15. விருத்தசேதனம் 17-இல் வருகிறது. யாக்கோபு காட்டுகிற கிரியை, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்தது, 22-இல். வரவு வைத்தது முதலில், கிரியை பின்னால்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆயக்காரன், அதாவது அந்தக் காலத்தில் வரி வசூலித்தவன், என்றால் யார் என்று சொல்லும்போது தண்டல்காரரைத்தான் உதாரணம் காட்டுவேன், உடனே புரிந்துகொள்வார்கள். சகேயு ஆயக்காரர்களுக்கெல்லாம் தலைவன். தன்னைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தவனைப் பார்த்து இயேசு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். அந்த நேரத்தில் சகேயு ஒரு காசுகூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு என்றெல்லாம் அவன் சொன்னது அதற்குப் பிறகு. போன மாதம் இந்தக் கதை முடிந்ததும் ஒரு சின்னப் பையன் கேட்டான்: "அவரு சொல்லலன்னா ஏசப்பா எழுந்து போயிருப்பாரா மிஸ்?" நான் பாடம் நடத்திய இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை.

அம்மா ராயபுரம் புனித பேதுரு ஆலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம், அப்பா வீடு லூத்தரின் வழியில் வந்த லுத்தரன் சபை. விசுவாசமா கிரியையா என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் போட்ட சண்டை கொஞ்சமல்ல. கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உட்கார்ந்து, நம் தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். எல்லா வேறுபாடும் தீரவில்லை, ஆனாலும் இந்த அடிப்படையில் ஒன்றாக நின்றார்கள். பிறகு மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்தன. தாத்தாக்கள் இருந்திருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

அந்த ஊழியர் வந்துபோன அன்று சாயங்காலமே எங்கள் சபைப் போதகர் ஐயா வந்தார். ஓய்வுபெறும் வயதைத் தாண்டியவர், மூச்சு வாங்க மாடி ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு விசுவாசம் பத்தலையாம் ஐயா" என்றார் அப்பா. ஐயா ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் வேதாகமத்தை வாங்கினார். தண்டல் அட்டை நழுவியது, எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரோமர் 4:5-ஐ வாசித்தார். "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்."

"யாரை நீதிமானாக்குறவர்னு போட்டிருக்கு?"

"பாவியை."

"நல்லவனைன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"நாளைக்குத் திருவிருந்து கொண்டு வரட்டுமா?"

"நான் இன்னும் சரியாகல ஐயா."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன்."

நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், இந்த மூன்று நிமிஷப் பேச்சை இருபது வருஷம் முன்னால் யாராவது தெருவைத் தாண்டிப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். நானே பேசியிருக்கலாம். அப்பா பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து பாடியிருப்பார். அவருக்கு நல்ல குரல். இந்த வருத்தத்தோடுதான் அந்த அக்காவிடம் இந்த வாரம் போய்ப் பேசினேன். கர்த்தர் உங்கள் உபவாசத்தில் குறை கண்டுபிடித்து நிறுத்தி வைக்கவில்லை அக்கா என்றேன். ஏன் குழந்தை இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்றும் சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்துபோன மறுநாள் காலை அப்பா என்னிடம் சவரம் செய்துவிடச் சொன்னார். வெள்ளைச் சட்டை கேட்டார். ஊசி குத்தியிருந்த கையில் சட்டை ஏறவில்லை, மேலே போர்த்திவிட்டோம். ஐயா வந்து சுருக்கமாக ஜெபித்து, அப்பத்தை எடுத்து "உமக்காகக் கொடுக்கப்பட்டது" என்று நீட்டினார். அப்பா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்ப்புக் காய்ச்சிய கை, வீங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பம் அதில் நிற்கவில்லை, நழுவிப் போர்வையில் விழுந்தது. அப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார். ஐயா குனிந்து அதை எடுத்து, அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்து, தன் கையாலேயே வாயில் வைத்தார்.