படுத்திருக்கும் உடம்புக்குத் தெரியுமா?

ஃபெங் சுயி, அதாவது வீட்டில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் சீனர்களின் வாஸ்து. படுக்கையறை ஃபெங் சுயி என்று பேச்செடுத்தாலே இரண்டு கோஷ்டி சேர்ந்துவிடும். "எல்லாம் சுத்த மூடநம்பிக்கை" என்று ஒன்று. "கட்டிலைத் திருப்பிப் போட்டேன், உடம்பு வலியே போயிடுச்சு" என்று இன்னொன்று. எனக்கு இரண்டோடும் ஒத்துப்போவதில்லை.

நான் பார்ப்பது ஒன்றுதான். ஃபெங் சுயிக்காரர்கள் சொல்லும் மாற்றம், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் உடம்புக்குத் தெரியுமா? கண், காது, மூக்கு, தோல், இதில் ஏதாவது ஒன்றுக்கு உறைக்கும் என்றால் செய்து பார்க்கலாம். கணக்குப் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால் விட்டுவிடலாம்.

முதல் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்தபடியே கதவு கண்ணில் பட வேண்டும், ஆனால் கட்டில் கதவுக்கு நேரே இருக்கக் கூடாது, தலைமாட்டில் கெட்டியான சுவர் வேண்டும். இது உடம்புக்கு நன்றாகவே தெரியும். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வந்தது. புது இடத்தில் முதல் ராத்திரி தூங்கும்போது, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி கொஞ்சம் விழிப்பாகவே இருக்கிறதாம். அது கட்டில் போடும் இடத்தைப் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனாலும் தூங்குகிற மூளை காவல் காக்கிறது என்று ஆனபிறகு, முதுகுக்குப் பின்னால் கதவை வைத்துக்கொண்டு ஏன் படுக்க வேண்டும்? கால் கதவைப் பார்த்து நீட்டக் கூடாது என்பதற்குச் சீனர்கள் சொல்லும் காரணம், பிணத்தைக் கால் முன்னே போகும்படி எடுத்துச் செல்வது. எனக்கு அந்தக் காரணம் தேவையில்லை. யாராவது கதவைத் திறந்தால் வெளி விளக்கு நேராக முகத்தில் அடிக்கும், அது போதும்.

கட்டிலுக்கு எதிரே கண்ணாடி வேண்டாம் என்பதைத்தான் அதிகம் பேர் கிண்டல் செய்கிறார்கள். இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான்னி கபூட்டோ, 50 பேரை மங்கலான வெளிச்சத்தில் 10 நிமிடம் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்க்க வைத்தார். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குச் சொந்த முகமே கோரமாக உருமாறித் தெரிந்திருக்கிறது. 2010இல் வந்த ஆய்வு இது. நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்து, அரைத் தூக்கத்தில் எதிரே ஓர் ஆள் எழுந்து நிற்பதைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டவர்கள் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

கட்டிலுக்கு அடியில் சாமான் அடைக்காதே, 'சி' என்கிற உயிர்சக்தி ஓடாது என்பார்கள். சி ஓடுகிறதோ இல்லையோ, துடைப்பம் ஓடாது. எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய சூட்கேஸை வெளியே இழுத்தபோது, ஜிப் பற்கள் தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. அதற்கு நேர் மேலேதான் மூக்கு! காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடுகிறவர்கள் சூட்கேஸோடு நிறுத்திவிடாதீர்கள். தூசியில் வாழும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் அதிகம் இருப்பது மெத்தையிலும் தலையணையிலும்தான். விரிப்பையும் உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் செத்துப்போகும்.

டிவியும் ஃபோனும் அறைக்கு வெளியே, வெளிச்சம் குறைவாக, சத்தம் இல்லாமல். இதற்கு யின், யாங் என்ற எதிரெதிர் சக்திகளின் விளக்கம் எதுவும் வேண்டாம். ராத்திரி வெளிச்சம், தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இனி விட்டுவிட வேண்டியவை. பிறந்த வருடத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து 'குவா' எண் என்று ஒன்று போடுவார்கள். அதன்படி நான்கு திசை நல்லது, நான்கு கெட்டது. ஒரே கட்டிலில் படுக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் ஒருவரின் நல்ல திசை மற்றவருக்குக் கெட்ட திசையாகும்படி எண் வந்தால்? ஆளுக்கொரு பக்கம் தலை வைத்துப் படுப்பதா? அறையில் ஆரோக்கியத்துக்கு உரிய இடம் எது என்று கேட்டாலும் ஒரே பதில் வராது. காம்பஸ் வைத்துப் பார்க்கிறவர்கள் கிழக்கு என்பார்கள். லின் யுன் என்ற ஃபெங் சுயி ஆசான் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய முறையில் காம்பஸே கிடையாது, வாசலை வைத்துத்தான் கணக்கு, ஆரோக்கியம் அறையின் நடுவில். படுத்திருக்கும் உடம்புக்கு இரண்டுமே தெரியாது.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. தெரிந்தவர் ஒருவர், எவ்வளவு தூங்கினாலும் பகலெல்லாம் தூங்கி வழிவார். ஆலோசகர் சொன்னபடி கட்டில் எல்லாத் திசையும் சுற்றி வந்தது, ஜன்னலில் படிகம்கூடத் தொங்கியது. கடைசியில் அவர் மனைவிதான் டாக்டரிடம் சொன்னார்: "குறட்டை விட்டுட்டே இருக்கார், திடீர்னு மூச்சு நின்னுடுது, அப்புறம் திணறிக்கிட்டு வருது." தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோய், என்று தெரிந்தது. வந்து போன ஆலோசகர் திசை பார்த்தாரே ஒழிய, குறட்டை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உத்திரத்துக்குக் கீழே படுக்கக் கூடாது என்ற விதியில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. கண் திறந்தால் தலைக்கு மேல் பாரமாக ஒன்று நிற்பது சிலருக்கு உறுத்தலாம், சிலருக்குப் பழகிப் போகலாம். அப்படிப் பல வருடம் படுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், தூக்கம் எப்படி வந்தது என்று.