'மற்றவை' கட்டத்தில் ஒளிந்திருந்த பதில்

"சர்வே அனுப்பிடலாமா, இல்ல நாலு பேர்கிட்ட பேசிப் பார்க்கலாமா?" பயனர் ஆய்வு என்று பேச்செடுத்தாலே எங்கள் குழுவில் இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் சர்வேதான் ஜெயிக்கும். கூகுள் ஃபார்மை அரை மணியில் தட்டிவிடலாம், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம், முடிவில் ஒரு வட்ட வரைபடம் கிடைக்கும். மேலாளருக்கும் திருப்தி.

நானும் அந்தக் கட்சிதான். எங்கள் செயலியின் பதிவுப் படிவத்தைப் பாதியில் விட்டுப் போனவர்களிடம் காரணம் கேட்டு சர்வே அனுப்பினோம். நேரமில்லை, படிவம் நீளம், புரியவில்லை, மற்றவை. 'நேரமில்லை' முதலிடம் பிடித்தது. படிவத்தைச் சுருக்கினோம். போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

அப்புறம்தான் ஏழு பேரைத் தொலைபேசியில் பிடித்தேன். கடைசியாக அந்தப் படிவத்தைத் திறந்தபோது என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது ஆள் சொன்னார்: "போன் நம்பர் கேட்டீங்க. கொடுத்தா நாளையிலிருந்து விளம்பரமா கூப்பிடுவாங்கன்னு மூடிட்டேன்." இன்னும் இரண்டு பேர் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். இந்த விடை எங்கள் சர்வேயிலேயே இல்லை. இல்லாததை யார் தேர்ந்தெடுப்பார்கள்? கைக்கு வந்த 'நேரமில்லை'யைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல். விடைகளை நானே முன்கூட்டி எழுத முடியுமா? முடிந்தால் சர்வே. தடுமாறினால் பேச வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

"ஆயிரம் பேர் பதில் போட்டிருக்காங்களே" என்பார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் வெல்வார் என்றது இதழ். எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் முகவரி எடுத்திருந்தார்கள். பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரு ரகம். எங்கள் சர்வேயும் அதேதான். பாதியில் விட்டுப் போன செயலியின் மின்னஞ்சலைத் திறந்து பதில் எழுதுகிறவர் சராசரிப் பயனரா என்ன?

நேர்காணலும் யோக்கியம் இல்லை. "இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நம் மனம் நோகக் கூடாதென்று ஆமாம் போடுவார். அதனால் நடந்ததை மட்டும் கேட்கிறேன். இதைவிட எரிச்சல் தருவது, ஏழில் மூன்று பேர் சொன்னதை எங்கள் குழுவில் ஒருவர் ஸ்லைடில் '43 சதவீதம்' என்று போட்டது. ஏழு பேரை வைத்து சதவீதம் போடுவதை யாராவது சட்டம் போட்டுத் தடுத்தால் தேவலை.

எத்தனை பேருக்கு இந்தப் பயம் என்று தெரிய, திரும்ப சர்வேக்குத்தான் போனேன். இந்த முறை பட்டியல் போட்டு வரிசையாக அனுப்பாமல், குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தோம். ஒரே ரகத்தார் பக்கம் சாயாமல் 400 பேர் கிடைத்தால், வரும் சதவீதம் பெரும்பாலும் உண்மையான அளவுக்கு ஐந்து புள்ளி முன்பின்னுக்குள் நிற்கும். விடைகளையும் அந்த ஏழு பேரின் வார்த்தைகளிலேயே எழுதினோம். போன் நம்பர் பயம் மேலே வந்தது, 'நேரமில்லை' இறங்கிவிட்டது. நம்பரைக் கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டோம்.

'மற்றவை'யில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. எனக்கு அப்படி ஒன்று இல்லை."

நாளைக்கு அவரிடம் பேசப் போகிறேன்.