நியூ ஃபாரஸ்ட்டை வாழவைப்பது வேலி அல்ல, மேய்ச்சல்

தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட்டை 'மனிதக் கை படாத காடு' என்று யாராவது எழுதினால் மனசு ஒப்பவில்லை. 1079 வாக்கில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தன் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் அது. 2005-இல் தேசியப் பூங்கா ஆனது. பெயர்தான் காடு, ஓக், பீச் தோப்புகளைத் தாண்டினால் ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி பூக்கும் வெளியும் புல்தரையும் சதுப்பும்தான். மாடுகளும் மட்டக்குதிரைகளும் கடித்துக்கொண்டே இருப்பதால்தான் அந்த வெளி வெளியாக இருக்கிறது. மேய்ச்சல் நின்றால் பிர்ச், பைன் கன்றுகள் தலைதூக்கி, ஹெதரை நிழலில் சாகடித்துவிடும்.

குதிரைகள் காட்டுக்குதிரைகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. மேய்ச்சல் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது. ஆண்டுக் கட்டணம் கட்டியதும் அஜிஸ்டர் எனப்படும் மேற்பார்வையாளர் வால்முடியைக் கத்தரித்து அடையாளம் வைப்பார். எந்த அஜிஸ்டரின் பகுதிக் குதிரை என்பதை வெட்டிய விதமே சொல்லிவிடும்.

இலையுதிர்காலத்தில் பன்றிகளை விடுவதும் வெறும் சடங்கு இல்லை. பச்சை ஓக் கொட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், அதிகம் தின்ற குதிரையையும் மாட்டையும் கொன்றுவிடும். பன்றிக்கு அதுவே தீனி. குறைந்தது 60 நாள் விடுவார்கள், கொட்டை அதிகம் விழுந்த வருடம் நீட்டிப்பார்கள். மூக்கில் வளையம் போடாத பன்றி தரையைக் கிளறிப் புல்லின் வேரையே பெயர்த்துவிடும் என்பதால் வளையம் கட்டாயம்.

முற்றிய புதரைக் குளிர்காலத்தில் துண்டு துண்டாக எரிக்கும் புகைப்படம் வந்தாலே 'காட்டை அழிக்கிறார்கள்' என்று கோபப்படுகிறார்கள். ஈரத்தரையில் தீ மேலோடு போகும், ஹெதர் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். மார்ச்சோடு நிறுத்துவது பறவைகள் கூடு கட்டுவதால். கோடையில் பிடிக்கும் தீ அப்படியல்ல, செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த கரிமண்ணுக்குள் இறங்கிவிடும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குதிரைக்கு ரொட்டியோ கேரட்டோ நீட்டாதீர்கள். கைத்தீனிக்குப் பழகியது சாலையோரத்திலேயே நிற்கும், இருட்டில் கார் மோதிச் சாகும். வேலியில்லாத அந்தச் சாலைகளில் மணிக்கு 40 மைல்தான் உச்சவரம்பு. இரவில் அதுவும் அதிகம்.

சட்டம் நிலத்தை நன்றாகவே காக்கிறது. மேய்ப்பவர்களைக் காப்பதில்தான் குறை. பூங்காவுக்குள் வீட்டுவிலை ஏறி, மேய்ச்சல் குடும்பத்துப் பிள்ளைகள் மாடு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க முடியாமல் போகிறார்கள். அவர்களுக்கென்று கட்டுப்படியாகும் வாடகையில், கொட்டகையும் கொஞ்சம் நிலமும் சேர்ந்த வீடுகளை இன்னும் நிறையக் கட்டித்தர வேண்டும்.