வயிற்று வாயுவை முகர்ந்தால் புற்றுநோய் வராதா?

“வயிற்று வாயுவின் நாற்றத்தை முகர்ந்தால் புற்றுநோய் வராது, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் கண்டுபிடிப்பு” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2014 ஜூலையில் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் அறிவித்தது ஏபி39 என்ற சேர்மத்தைப் பற்றி. செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் துளியளவு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கொண்டுசேர்ப்பதற்காக உருவாக்கியது அது. முகர்வதைப் பற்றிய ஆய்வே அல்ல. அழுகிய முட்டை நாற்றத்துக்கும் வயிற்று வாயுவின் நாற்றத்துக்கும் இதே வாயுதான் காரணம் என்று செய்திக்குறிப்பில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு தலைப்புகள் கிளம்பிவிட்டன.

சரி, புற்றுநோய் செல்லில் இந்த வாயு என்ன செய்கிறது? 2013இல் பிஎன்ஏஎஸ் என்ற அறிவியல் ஆய்விதழில் வந்த ஆய்வில் பார்க்கலாம். பெருங்குடல் புற்றுநோய் செல்களில் சிபிஎஸ் என்ற நொதி அதிகம். அதை வைத்து இந்த வாயுவை அவை தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. ஆற்றலுக்கும் பயன்படுத்துகின்றன, புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் வழிசெய்கின்றன. நொதியைத் தடுத்தபோது எலிகளில் கட்டி வளர்வது குறைந்தது. அங்கே இது கட்டிக்குத் தீனி.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவர்களின் உயிரைப் பறிப்பதும் இதே வாயுதான். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. தயவுசெய்து இந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.