ஜீரோ பாத்துக்குங்க சார்

"இருநூறுக்குப் போடுன்னு முழுசா சொல்லாத, இருநூத்திப் பத்துன்னு சொல்லு, அப்பதான் ஏமாத்த மாட்டான்." ஊர்ல பாதிப் பேர் எனக்கு இந்த ஞானத்தைக் குடுத்திருக்காங்க. தெரிஞ்சும் நேத்து சாயந்திரம் திருவாரூர் பக்கத்துல ஒரு பங்க்ல வண்டிய நிறுத்தி, வாய் தவறி, "இருநூறுக்குப் போடுங்க தம்பி"ன்னுட்டேன்.

"ஜீரோ பாத்துக்குங்க சார்."

பாத்தேன். கோயில்ல தீபாராதனை பாக்கற மாதிரி கண்ணு சிமிட்டாம பாத்தேன். ஐம்பதுல டக்னு நின்னுடுச்சு.

"சார் ஐம்பதுதானே சொன்னீங்க?"

"இருநூறுப்பா."

"சாரி சார், மீதி நூத்தம்பதைப் போட்டுடறேன்." சரியா அந்த நொடியில இடது பக்கத்துலேர்ந்து இன்னொருத்தர், "ஆயில் எவ்ளோ சார்?" என்னோடது பழைய எக்ஸெல், ஆயில் கலந்தாதான் ஓடும். இருபது ரூபாய்க்குன்னு சொல்லத் திரும்பினேன். திரும்பினது மூணு செகண்டு இருக்கும். மறுபடி பாக்கறேன், மீட்டர் நூத்தி முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதுன்னு ஓடி நூத்தம்பதுல நிக்குது.

"ஐம்பதும் நூத்தம்பதும் இருநூறு சார்."

"நடுவுல ஜீரோ பண்ணியா?"

"பண்ணேனே."

"எப்ப?"

"நீங்க ஆயில் பாத்தப்ப."

"பில் குடு."

"பேப்பர் தீந்துடுச்சு சார்."

தீரும். நான் கேக்கறப்ப மட்டும் தீரும். டேங்க்குள்ள எட்டிப் பாக்கலாம்னு போன் டார்ச்சை எடுத்தா, "சார் சார், இங்க போன் எடுக்கக் கூடாது!" சேஃப்டி மேல என்ன ஒரு அக்கறை! பணம் அனுப்ப ஸ்கேன் பண்றப்ப மட்டும் அந்த போன் தீப்பிடிக்காது போல. கடைசியில, சந்தையில தேங்கா வாங்கறவன் மாதிரி வண்டிய ஆட்டி ஆட்டி டேங்க்ல காதை வச்சுக் கேட்டேன். சத்தம் வந்துச்சு. அது நூத்தம்பது ரூபாய்ச் சத்தமா இருநூறு ரூபாய்ச் சத்தமான்னு சொல்ற அளவுக்கு நமக்கு சங்கீத ஞானம் இல்ல.

கால் மணி நேரம் கத்தினேன். பின்னாடி ஏழெட்டு வண்டி. அதுல ஒரு பெரியவர் ஹாரனை அடிச்சுட்டு, "அரை லிட்டருக்கு இந்தச் சத்தம் போடறீங்களே, லிட்டருக்கு எத்தனையோ ரூபா வரியாவே போவுது, அவங்கள என்னிக்காவது ஜீரோ காட்டச் சொன்னீங்களா?"ன்னார்.

சிரிச்சாங்க எல்லாரும். அந்தப் பையனும் சேர்ந்து சிரிச்சான் பாருங்க, அதான் தாங்கல.

ஆனா பெரியவர் சொன்னதுல தப்பில்ல. 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல கச்சா எண்ணெயை எடுத்துட்டுப் போறவனுக்கு எதிர்க்காசு குடுக்கற நிலைமை. மைனஸ் விலை. நமக்கு அடுத்த மாசமே மத்திய வரி பெட்ரோலுக்குப் பத்து ரூபா, டீசலுக்குப் பதிமூணு ரூபா ஏறுச்சு. மாநிலம் மட்டும் சும்மா இருக்குமா? அதே மாசம் அதுவும் தன் பங்குக்கு ஏத்துச்சு. 2021ல மாநிலம் பெட்ரோலுக்கு மூணு ரூபா குறைச்சாங்க, சரி, வாழ்க. அதுக்கப்புறமும் மாநில வரி 13 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. 2025 ஏப்ரல்ல கச்சா எண்ணெய் மறுபடி சரிஞ்சப்ப மத்தியில பெட்ரோல் வரிய இன்னொரு ரெண்டு ரூபா ஏத்தி 21 ரூபா 90 காசாக்கிட்டு, "மக்களுக்கு பாதிப்பில்ல"ன்னாங்க. அதாவது குறைஞ்சிருக்க வேண்டியது குறையல, அவ்ளோதான். நம்ம பையனும் அதத்தானே சொன்னான். "நீங்க ஆயில் பாத்தப்ப."

பேரு வேற, தினசரி விலை நிர்ணயம். 2017 ஜூன்லேர்ந்து. அஞ்சு மாநிலத் தேர்தலையொட்டி 137 நாள் அந்த 'தினசரி' அசையவே இல்ல. ஓட்டு எண்ணி முடிச்சு, 2022 மார்ச் 22ல முழிச்சுக்கிட்டு ரெண்டு வாரத்துல பத்து ரூபா ஏறுச்சு. 2024 மார்ச்சுல ரெண்டு ரூபா குறைப்புன்னு அறிவிச்சாங்க. தேர்தல் தேதி அறிவிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. கச்சா எண்ணெய்க்கு நம்ம ஊர்ப் பஞ்சாங்கம் அத்துப்படி.

நூறு லிட்டர் வேணும்னா எண்பத்தஞ்சுக்கு மேல வெளியூர்லேர்ந்துதான் வரணும், அதுக்கு டாலர்ல அழணும், ரூபா இளைக்க இளைக்க விலை குறைஞ்சாலும் நமக்குக் குறையாது. எல்லாம் புரியுது. ஆனா நான் தினம் தாண்டிப் போறது அடியக்கமங்கலம். எண்ணெய்க் கிணறு இருக்கற ஊரு. அந்தாண்ட போனா நரிமணம், அங்கயும் கிணறுதான். எங்க மண்ணுக்கடியில உறிஞ்சறாங்க, அதுக்கு மேல நான் அரை லிட்டருக்குத் தேங்கா குலுக்கறேன். இந்த லட்சணத்துல இருபது சதவீதம் எத்தனால் வேற கலந்தாச்சு. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலேர்ந்து எடுக்கறது. கொள்முதல் நிலையத்துல எங்க நெல்லு மழையில நனைஞ்சு முளைச்சுக் கெடக்கு. அதுக்கு ஈரப்பதம் ஜாஸ்தியாம், வாங்க மாட்டாங்களாம். வண்டிக்குப் போடற அரிசிக்கு யாரு ஈரப்பதம் பாத்தாங்கன்னு கேக்கணும்.

இப்படியே கருவிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல நிறுத்தினதும் மனைவி, "என்னங்க, பெட்ரோல் நாத்தம் குடலப் புடுங்குது?"ன்னா.

டேங்க் மூடி இல்ல. தேங்கா குலுக்கின வேகத்துல மூடிய பங்க்லயே விட்டுட்டேன். நாலு கிலோமீட்டர். வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கர். அந்த இருநூறுல, சரி நூத்தம்பதுல, எவ்ளோ தளும்பி ரோட்டுக்குப் போச்சோ.

டேங்க் வாயில கந்தல் துணிய அடைச்சுக்கிட்டு, திரும்ப நாலு கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போனேன். தூரத்துலயே கைய ஆட்டினான்.

"சார், மூடி! பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்." துடைச்சு வேற குடுத்தான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. பின் டயர் வேற லேசா அமுங்கியிருக்கு, வந்ததுதான் வந்தோம், காத்தாவது ஓசியில அடிச்சுட்டுப் போலாம்னு கேட்டேன்.

"காத்து மெஷின் ரிப்பேர் சார். நாளைக்கு வாங்க."