ஜெயிப்பவருக்கே ரசிகர்கள் என்பது சரியில்லைங்க

“யார் அதிகம் ஜெயிக்கிறாரோ அவருக்குத்தான் ரசிகர்” என்று உங்க பதிவில் எழுதியிருக்கீங்க அண்ணா. டென்னிஸ் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. டென்னிஸின் நான்கு பெரிய போட்டித்தொடர்களான கிராண்ட்ஸ்லாமில், ஆண்கள் ஒற்றையர் பட்டங்கள் ஜோகோவிச்சுக்கு 24, நடாலுக்கு 22, ஃபெடரருக்கு 20. ஆனால் ரசிகர்கள் வாக்களித்து, ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி ஆண்டுதோறும் தரும் விருது, 2003 முதல் 2021 வரை 19 முறை தொடர்ந்து ஃபெடரருக்கே போனது. 2020இல் முழங்கால் அறுவை சிகிச்சையால் அவர் ஆடிய போட்டித்தொடர் ஆஸ்திரேலிய ஓபன் ஒன்றுதான். அதிலும் அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்றார். அந்த ஆண்டும் விருது அவருக்கே!

நம்ம பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அர்ஜென்டினா கொடி கட்டுபவர்களைப் பாருங்க. 1986க்குப் பிறகு 2022 வரை அந்த அணி கால்பந்து உலகக் கோப்பையைத் தொடவில்லை. கொடி இறங்கியதா?

டென்னிஸில் ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் உள்ள இந்தப் பிணைப்பு இன்னும் இறுகுவதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பு. பந்து ஓடும் நேரத்தைவிட இடைவெளிதான் அதிகம். புள்ளிக்கும் அடுத்த சர்வுக்கும் நடுவே 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி. அவ்வளவு நேரமும் கேமரா ஒரே முகத்தில் நிற்கும். ஒளிந்துகொள்ள அணி கிடையாது. நடால் தண்ணீர் பாட்டிலை நேராக்குவது, ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் எல்லாம் மனசில் பதிவது இப்படித்தான். விளம்பரம் முகத்தை அறிமுகம் செய்யும், அவ்வளவுதான்; இந்தப் பிணைப்பை அது தராது.

சந்தேகமிருந்தால் 2019 விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச்சுக்கு எதிராக ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என முன்னிலையில் இருந்த கட்டத்தைப் போட்டுப் பாருங்க. வென்றால் பட்டம் என்ற இரண்டு புள்ளிகளை அவர் நழுவவிட்ட பிறகும் அரங்கம் யார் பெயரைக் கத்துகிறது என்று கேளுங்க.