ஃபெய்ஜோவாடா மிச்சத்தில் பிறந்த உணவா?

பிரேசிலின் ஃபெய்ஜோவாடா, அதாவது பீன்ஸும் பன்றி இறைச்சியும் சேர்த்து வேகவைக்கும் குழம்பு, முதலாளிகள் வீசிய பன்றிக் காது, வால், கால்களை வைத்து அடிமைகள் உருவாக்கியது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அது சரியல்ல.

போர்ச்சுக்கலில் காதும் காலும் கழிவல்ல, விரும்பி வாங்கிய இறைச்சி. பீன்ஸோடு பன்றி இறைச்சி சேர்த்து வேகவைக்கும் வழக்கம் அங்கே பழையது. பிரேசில் நாட்டார் வழக்கு ஆய்வாளர் காமரா காஸ்குடோவும் இதன் வேரை ஐரோப்பாவில்தான் காட்டினார். 1833-லேயே பிரேசிலின் ரெசிஃபே நகர விடுதி ஒன்று இதைப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது.

அடிமைகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மரவள்ளி மாவு, பீன்ஸ், கொஞ்சம் உப்புக்கண்டம். அந்தப் பசியை மிச்ச விருந்தாகக் காட்டுவது எனக்கு வலிக்கிறது. ஆனால் பணக்கார வீட்டு அடுப்படிகளில் இதைச் சமைத்த கைகள் பெரும்பாலும் அடிமைப் பெண்களுடையவை. அதையும் மறக்கக் கூடாது.